வாயைத் திறந்து பெயரைச் சொல்லுங்க

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிப் போட்ட மாதிரி இருக்கும். இரண்டு சுழி எங்கே, மூன்று சுழி எங்கே என்பதும் எனக்குச் சரியாக வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசுகிற ஆளும் இல்லை நான். அதனால்தான் இதை யாரிடமும் சொல்லாமல் எழுதுகிறேன்.

இது நடந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில். எங்கள் ஊர் ஆரணி. வீட்டிலேயே தறி. நான் பட்டுப் புடவை நெய்கிறேன். மனைவி ராட்டையில் ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றித் தருவாள். அம்மா எங்களோடுதான் இருக்கிறார். மகள் கல்யாணமாகித் தெள்ளார் பக்கம் போய்விட்டாள். ஆஸ்பத்திரி எங்கள் ஊர் இல்லை, பஸ் ஏறிப் போகவேண்டிய பெரிய ஆஸ்பத்திரி. அதன் பெயரையும், இதில் வருகிறவர்கள் பெயரையும் எழுதவில்லை. நடந்தது முழுக்கப் பெயரைப் பற்றித்தான். இருந்தாலும் பெயர் எழுதாமலே சொல்லிவிட முடியும் என்று நினைக்கிறேன்.

என் மனைவிக்கு இரண்டு பெயர். ஒன்று அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர். அதுவே என் அம்மாவின் பெயரும். பெண் பார்க்கப் போனபோதே இந்தப் பேச்சு வந்தது. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பெயர் என்றால், நான் அம்மா பெயரைச் சொல்லிப் பெண்டாட்டியை எப்படிக் கூப்பிடுவது? கோபத்தில் அவளைத் திட்டினால் அம்மாவைத் திட்டியது போல ஆகாதா? அவளும் மாமியார் பெயரைத் தன் வாயால் சொல்லலாமா? எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. மருமகள் வீட்டுக்குள் கால் வைத்த அன்றைக்கே வேறு பெயர் வைத்துவிடுவார்கள். அம்மாவும் வைத்தார். அதிலிருந்து தெருவுக்கு, உறவுக்கு, பால்காரருக்கு, நூல் கொடுக்கிற முதலாளிக்கு, எல்லோருக்கும் அவள் அந்த வீட்டுப் பெயர்தான். பிறந்த பெயர் ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் மட்டும் இருந்தது. அவளே அதை மறந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் பெயரையும் அவள் சொல்ல மாட்டாள். இந்தக் காலத்தில் இப்படியா என்று சின்ன வயசுக்காரர்கள் சிரிப்பீர்கள். எங்கள் தெருவில் அவள் வயசுப் பெண்கள் நிறையப் பேர் இன்னும் அப்படித்தான். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் கேட்டால்கூட "பாப்பாவோட அப்பா" என்பாள்.

அந்த வருஷம் முழுக்க அவளுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கிறது. மாதாமாதம் அளவுக்கு மீறி உதிரப்போக்கு. என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. வெளுத்துக்கொண்டே வந்தாள். ஒருநாள் மத்தியானம் ராட்டை சத்தம் நின்றது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்து நான் நெய்துகொண்டே இருந்தேன். அம்மா கத்திய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். ராட்டைப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தாள்.

ஊரில் பார்த்த டாக்டரம்மா கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும். ஆனால் உடம்பில் ரத்தமே இல்லை, முதலில் ரத்தம் ஏற்றித் தேற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் ஆபரேஷன் என்றார்கள். மறுநாளே கூட்டிக்கொண்டு போனோம். வழி கேட்கக் கூச்சப்பட்டு முதலில் கண் டாக்டர் வரிசையில் நின்றேன். அம்மா வந்து தோளில் ஒரு தட்டுத் தட்டி இழுத்துக்கொண்டு போனார். ஒருவழியாக ஆதார் கார்டை நீட்டி, சீட்டுப் போட்டு, சாயந்திரத்துக்குள் பெண்கள் வார்டில் சேர்த்துவிட்டோம். ஆண்கள் உள்ளே தங்கக் கூடாது. அம்மா துணைக்கு உள்ளே இருந்தார். நான் வார்டு வாசலில், கம்பிக் கதவுக்கு வெளியே.

அவளுக்குக் கிடைத்தது ஜன்னல் ஓரக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் களம்பூரைச் சேர்ந்த ஒரு பெண்மணி. ரைஸ் மில்லில் வேலை. அவருக்கும் இதே மாதிரி உபத்திரவம், அவருக்கும் ரத்தம் ஏற்றச் சொல்லியிருந்தார்கள். நல்ல வாயாடி. வந்த உடனே என் மனைவியிடம் பெயர் கேட்டார். இவள் வழக்கம்போல வீட்டுப் பெயரைச் சொன்னாள். அந்தப் பெண்மணி தொடையில் தட்டிச் சிரித்தது எனக்கு வெளியே கேட்டது.

"அடியம்மா, எம் பேரும் அதான்க்கா. எங்கம்மா வச்ச பேரு."

அதற்கப்புறம் இரண்டு பேரும் ரொம்ப நாள் பழகியவர்கள் போல ஆகிவிட்டார்கள். வார்டில் கூட்டுகிற அம்மாவில் இருந்து எதிர்க் கட்டில் கிழவி வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அந்த இரண்டு கட்டிலிலும் ஒரே பெயர் என்று.

இருட்டுகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கதவு சரியாகச் சாத்தவில்லை. சாரல் என் மனைவி மேல் அடித்தது. ரத்தம் இல்லாத உடம்பு, நடுங்கினாள். அந்தப் பெண்மணிக்கோ காற்று இல்லாமல் வேர்த்துக் கொட்டியது. அம்மாதான் யோசனை சொன்னார்.

"ஏம்மா, நீ மில்லு சூட்டுல வெந்துகினு இருந்தவ. உனக்குக் காத்து வேணும். எம் மருமகளுக்கு இந்தச் சாரல் ஆவாது. கட்டிலை மாத்திக்கிறீங்களா ரெண்டு பேரும்?"

அவர் உடனே எழுந்துவிட்டார். தலையணை, போர்வை, கூடை, பிளாஸ்க் எல்லாம் மாற்றினார்கள். கட்டில் கால்மாட்டில் கம்பியில் மாட்டியிருந்த கேஸ் சீட்டு அட்டையை மட்டும் யாரும் தொடவில்லை. அது ஆஸ்பத்திரிச் சாமான், நாம் தொடக்கூடாது என்றுதான் எங்களுக்குத் தெரியும். கதவுக்கு வெளியே இருந்து நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அம்மாவின் சாமர்த்தியத்தை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சேர்க்கும்போது கையில் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, அதில் பேனாவால் பெயரும் நம்பரும் எழுதியிருந்தார்கள். காலையில் முகம் கழுவி, வாய் கொப்பளித்து, டம்ளர் அலசியதில் அது கரைந்து வெறும் நீலக் கறையாக ஆகிவிட்டது.

காலையில் வேலைக்கு வந்த சிஸ்டர் எங்களுக்குப் புதுசு. லீவு முடிந்து அன்றைக்குத்தான் வந்திருந்தார். குள்ளமாக, ஒல்லியாக இருந்தார். குரலை உயர்த்தவே மாட்டார். வார்டின் மறுகோடியிலிருந்து மாத்திரை கொடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு கட்டிலிலும் நின்று, பெயர் என்ன, அப்பா அல்லது வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டார். சொன்ன பிறகுதான் மாத்திரை. பழைய நோயாளிகளுக்கு அவரைத் தெரிந்திருந்தது. ஒருத்தர், "நேத்து ராத்திரி தூங்கி எழுந்ததுல பேரு மாறிப் போச்சு சிஸ்டர், இரு, யோசிச்சுச் சொல்றேன்" என்றார். வார்டே சிரித்தது. அந்த சிஸ்டரும் சிரித்தார். ஆனால் பெயர் வரும்வரை கையை நீட்டவில்லை.

எங்கள் பக்கம் வருவதற்குள் ரத்தம் வந்துவிட்டது. மாத்திரைத் தட்டை வைத்துவிட்டு மேஜைக்குப் போனார். பையோடு வந்த சீட்டில் கட்டில் நம்பரைப் பார்த்து, என் மனைவி படுத்திருந்த கட்டிலின் கேஸ் சீட்டை எடுத்து வரச்சொன்னார். இன்னொரு சிஸ்டரைக் கூப்பிட்டு, பையில் இருந்ததை இவர் படிக்க, சீட்டில் இருந்ததை அவர் படித்தார். பெயர், நம்பர், ரத்தத்தின் குரூப். எல்லாம் சரியாக இருந்தது. கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்கிறார்களே என்று மனசு குளிர்ந்தது.

பக்கத்துப் பெண்மணி அப்போது வார்டில் இல்லை. ஸ்கேன் எடுக்க அழைத்துப்போயிருந்தார்கள்.

சிஸ்டர் ரத்தப் பையைக் கொண்டுவந்து கம்பத்தில் மாட்டினார். வீட்டுப் பெயரைச் சொல்லி, நீங்கதானா என்று கேட்டார். என் மனைவி ஆமாம் என்றாள். அம்மாவும் ஆமாம் என்றார். சிஸ்டர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தபோது நானும் தலையை ஆட்டினேன். யோசித்துப் பாருங்கள், எங்களில் யாருமே பொய் சொல்லவில்லை. அது அவள் பெயர்தான்.

அதோடு விட்டிருந்தால் ஊசியைக் குத்தியிருப்பார். அவர் விடவில்லை.

"நான் சொல்லி நீங்க ஆமான்னு சொன்னது கணக்கில்லைம்மா. நீங்களா வாயைத் திறந்து பேரைச் சொல்லுங்க. ஆதார்ல இருக்கிற பேரு. அப்புறம் வீட்டுக்காரர் பேரு."

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு வெட்கம் வந்தால் அப்படித்தான், உதட்டை மடித்துக்கொள்வாள். ஒரு பக்கம் மாமியார் நிற்கிறார், அவர் பெயரைச் சொல்ல வேண்டும். இன்னொரு பக்கம் புருஷன் நிற்கிறான், அவன் பெயரைச் சொல்ல வேண்டும். எனக்கு அவள் நிலைமை புரிந்தது. சிஸ்டருக்கு எப்படிப் புரியும்?

அம்மாவுக்குப் பொறுமை இல்லை. அதான் நான் சொல்கிறேனே, என் மருமகளை எனக்குத் தெரியாதா என்று ஆரம்பித்தார். "ஜல்தியா ஏத்தும்மா. புள்ள மூச்சு வாங்கிகினு கிடக்குது, நீ பேரைப் போய்க் கேட்டுகினு இருக்க" என்று அதட்டினார். எதிர்க் கட்டில் கிழவியும் சேர்ந்துகொண்டார். "புருசன் பேரைச் சொல்லச் சொன்னா அந்தப் பொண்ணு எப்படிம்மா சொல்லும்? பேஜாரா போச்சு உன்னோட."

எனக்கும் உள்ளுக்குள் கோபம் வந்தது என்பதுதான் உண்மை. கோபத்தைவிடப் பயம் அதிகம். இந்த சிஸ்டர் முறைத்துக்கொண்டு ரத்தப் பையைத் திருப்பி அனுப்பிவிட்டால்? நாளைக்கு வா என்றால்? முந்தின நாள் சாயந்திரம் டாக்டர், இன்னும் தள்ளிப்போட்டால் இதயத்துக்கு ஆபத்து என்று சொல்லியிருந்தார். அவளுக்கு உட்கார்ந்தாலே படபடப்பு. அந்தச் சிவப்புப் பை உள்ளே இறங்கினால் போதும், அவள் பிழைத்துக்கொள்வாள் என்பதைத் தவிர என் மனசில் வேறு எதுவும் இல்லை. ஊசியைக் குத்துங்கம்மா என்று காலில் விழத் தயாராக இருந்தேன்.

சிஸ்டர் யாரோடும் சண்டை போடவில்லை. பையின் குழாயைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்.

"வீட்டுக்காரர்தானே நீங்க? உள்ள வாங்க."

பெண்கள் வார்டுக்குள் அத்தனை பேர் பார்க்க நடந்து போனேன்.  பெயர் என்ன என்று கேட்டார். நான் மனைவியின் வீட்டுப் பெயரையே சொன்னேன். வேறு என்ன வரும் வாயில்?

"அது கூப்பிடுற பேரா, கார்டுல இருக்கிற பேரா?"

 அம்மா எனக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தார். பெற்ற தாய் முன்னால் அவர் பெயரை நான் அதுவரை உச்சரித்ததில்லை. பள்ளிக்கூடத்தில்கூட அப்பா பெயர்தான் கேட்டார்கள். சிஸ்டர் அவசரப்படுத்தவில்லை. அந்த முகத்தில் எரிச்சல் இருந்திருந்தால் நான் வாயை இன்னும் இறுக்கமாக மூடியிருப்பேன். "நீங்க மெதுவா சொல்லுங்க, நான் இருக்கேன்" என்றார்.

சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. அவர் காதைச் சாய்த்துக் கொஞ்சம் உரக்க என்றார். இரண்டாவது தடவை சொன்னபோது வார்டு முழுக்கக் கேட்டது போல எனக்கு இருந்தது. கூடவே என் பெயரையும் சொல்லிவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன்.

சிஸ்டர் பையில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். என் மனைவியின் கையைத் திருப்பி அந்த நீலக் கறையைப் பார்த்தார். பிறகு பையைக் கம்பத்திலிருந்து கழற்றினார்.

"இந்தக் கட்டில்லயா நேத்து சேர்த்தாங்க உங்களை?"

"இல்லம்மா, ஜன்னல் கட்டிலு. சாரல் அடிச்சுதுன்னு மாத்திகினோம்" என்றார் அம்மா. அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. என்னவோ தப்பு என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

சிஸ்டர் நேராக ஜன்னல் பக்கம் போனார். ஜன்னல் கட்டிலின் கால்மாட்டில் இருந்த சீட்டை எடுத்தார். அதில் என் மனைவியின் பிறந்த பெயர், என் பெயர். பை அந்தக் களம்பூர்ப் பெண்மணிக்கு வந்தது. குரூப் வேறு. இன்னொரு சிஸ்டரைக் கூப்பிட்டு இரண்டு சீட்டையும் காட்டினார். அவர் வாயில் கையை வைத்துக்கொண்டார். அப்போதுதான் எங்கள் சிஸ்டர் அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.  

பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். குரூப் மாறின ரத்தம் கொஞ்சம் உள்ளே போனாலே உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடும், குளிர் தூக்கிப் போடும், சிறுநீரகம் நின்றுபோகும், இவ்வளவு பலவீனமான உடம்பு தாங்காது என்றார். அம்மா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான்தானே மாற்றச் சொன்னேன், நான்தானே பாவி என்று புலம்ப ஆரம்பித்தார். சிஸ்டர் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"குளிருதேன்னு மருமகளுக்காகத்தானே மாத்துனீங்க ஆயா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்ளோதான். நாங்களும் ராத்திரியே பார்த்திருக்கணும். அதுக்குத்தான் இந்தக் கேள்வி. உங்களைச் சந்தேகப்பட்டுக் கேக்கல. எல்லாரையும் கேப்பேன். எங்கம்மா இங்க சேர்ந்தப்ப அவங்களையும் பேரு கேட்டுட்டுத்தான் ஊசி போட்டேன். ஒரு வாரம் எங்கூடப் பேசல அவங்க."

அழுதுகொண்டிருந்த அம்மா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார்.  நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். என் மனைவி மட்டும் மேலே, பை மாட்டியிருந்த வெறும் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிஸ்டர் உடனே எங்கள் கட்டில்களைப் பழையபடி மாற்றவைத்தார். ஜன்னல் இடுக்கில் கனமான துணியைச் செருகி, சாரல் உள்ளே வராமல் செய்தார். இரண்டு பேர் கையிலும் புதுப் பிளாஸ்திரி ஒட்டி, அழியாத மையில் எழுதினார். ஒரே மாதிரிக் கூப்பிடும் பெயர் இரண்டு கட்டிலில் இருப்பதை மேஜையில் இருந்த பலகையில் எழுதிவைத்தார். ஸ்கேன் முடிந்து வந்த களம்பூர்ப் பெண்மணியிடம் நடந்ததைச் சொன்னார்கள். என் மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். "உன் உயிரும் எம் உயிரும் ஒரே கயித்துல தொங்கிகினு இருந்துச்சுக்கா" என்று பிறகு சொன்னார்.

என் மனைவிக்கு உரிய ரத்தம் மத்தியானத்துக்கு மேல் வந்தது. மறுபடியும் இரண்டு பேராகப் படித்துச் சரிபார்த்தார்கள். மறுபடியும் கட்டிலுக்கு வந்து கேட்டார். இவ்வளவு நடந்த பிறகுமா என்று கேட்காதீர்கள். எனக்குப் புரிந்தது. நாங்கள் பட்டு நூல் வாங்கும்போது, சாயம் இரண்டு தடவையாகப் போட்ட சிவப்பு, பல்பு வெளிச்சத்தில் ஒன்றாகவே தெரியும். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் தறியில் ஏற்ற மாட்டேன். போன தடவை பார்த்தேனே என்று விட்டால் புடவையில் பட்டையாகத் தெரியும், பிறகு அழித்து நெய்ய முடியாது. புடவைக்கே அப்படிப் பார்க்கிற நான், ஆளுக்குப் பார்த்ததற்கு எரிச்சல் பட்டேனே என்று நினைத்துக்கொண்டேன்.

சிஸ்டர் கேட்டதும் என் மனைவி அம்மாவைத்தான் பார்த்தாள். அம்மா அவளை ஒரு முறை முறைத்தார்.

"என்னை ஏன்டி பாக்குற? சொல்லு. எம் பேரு இன்னா தேஞ்சா போயிடும்? எனக்கு முன்னாடியே எத்தினியோ பேருக்கு இருந்த பேருதான். வாயைத் திறந்து சொல்லுடி."

அவள் சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அவள் வாயில் வந்தது அன்றைக்குத்தான். வீட்டுக்காரர் பெயர் என்று சிஸ்டர் கேட்டார். முந்தானையால் வாயைப் பாதி மூடிக்கொண்டு என் பெயரைச் சொன்னாள். கம்பிக் கதவுக்கு வெளியே நின்ற எனக்குக் காது சூடாகிவிட்டது.

"மாமியா பேரைச் சொல்ல அவ்ளோ கஷ்டம். புருசன் பேரு மட்டும் எவ்ளோ ஜோரா வருது பாரு" என்றார் அம்மா. எதிர்க் கட்டில் கிழவி இருமி இருமிச் சிரித்தார்.

ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது. சிஸ்டர் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நாடி பிடித்துப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், பிரஷர் பார்த்தார், எழுதினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தார். குளிருகிறதா, அரிக்கிறதா, இடுப்பு வலிக்கிறதா, மூச்சு முட்டுகிறதா என்று கேட்டார். ஆரம்பத்தில்தான் ஏதாவது ஆனால் ஆகும், அதனால் அப்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். எழுந்து போகும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"எது வித்தியாசமா இருந்தாலும் உடனே கூப்பிடணும். யாரு இன்னா நினைப்பாங்களோன்னு கூச்சப்படக் கூடாது. சரிங்களா?"

சரிங்க என்றேன். அதை அவர் எனக்காகத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்குச் சாயந்திரம் மழை விட்டிருந்தது. கதவுக் கம்பி வழியாகப் பார்த்தேன். அவள் உதட்டில் லேசாக நிறம் வந்திருந்தது போலத் தெரிந்தது. என் ஆசையாகக்கூட இருக்கலாம். அம்மா ஊட்டிய இட்லியை, போதும் போதும் என்று சொல்லாமல் தின்றாள். அவள் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டே அப்படியே நின்றேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது, யாரும் பார்க்காமல் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டேன்.

மறுபடியும் ரத்தம் ஏற்றினார்கள். உடம்பு தேறி, கார்த்திகையில் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. களம்பூர்ப் பெண்மணிக்கும் நல்லபடியாக ஆயிற்று. இப்போதும் போன் செய்கிறார், செய்தால் இரண்டு பேரும் அரை மணி நேரம் விட மாட்டார்கள். வார்டை விட்டுக் கிளம்பிய அன்றைக்கு அந்த சிஸ்டரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாசலில் நின்றேன்.  கையை மட்டும் கூப்பினேன். அவர் கையில் மாத்திரைத் தட்டு இருந்தது. தலையை அசைத்துவிட்டு அடுத்த கட்டிலில் நின்று பெயர் கேட்டார்.

வீட்டில் எதுவும் பெரிதாக மாறவில்லை. தெருவுக்கு அவள் இன்னும் வீட்டுப் பெயர்தான். நான் இன்னும் "இந்தா" என்றுதான் கூப்பிடுகிறேன். அம்மா மட்டும் ஒன்று செய்தார். மகளுக்குப் போன் போட்டு, யாராவது ஆஸ்பத்திரிக்குப் போனால் கார்டில் இருக்கிற பெயரையே சொல்ல வேண்டும், மாமியாராவது மாமனாராவது என்று உத்தரவு போட்டார். அதற்கப்புறம் தெருவிலும் ஒரு வீடு விடாமல் போய்ச் சொன்னார். தன்னால் கட்டில் மாறிய கதையையும் மறைக்காமல் சேர்த்தே சொன்னார்.

பரிசோதனைக்கு இப்போதும் போய்வருகிறோம். உள்ளே யாராவது பெயர் கேட்டால், என் மனைவி நிமிர்ந்து தன் பெயரைச் சொல்கிறாள், பிறகு என் பெயரையும் சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். அவள் வாயால் என் பெயரைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும், அவள் எனக்கு இருக்கிறாள் என்பதை யாரோ மறுபடி ஒருமுறை சரிபார்த்துச் சொன்னது போல என் நெஞ்சு லேசாகிறது.

ஆரணி,
புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை.